குடும்பவியலில் ஆய்வும் ஆசிரியப் பணியும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடும்பத்தை ஆராய்வதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புபவர் முதலில் தடுக்கி விழுவது துறையின் பெயரில்தான். சில பல்கலைக்கழகங்களில் 'மனித வளர்ச்சியும் குடும்பவியலும்' என்று தனித்துறையே உண்டு. மற்ற இடங்களில் திருமணத்தை ஆராய்பவர் சமூகவியலில் இருப்பார். பெற்றோர், குழந்தை உறவைப் பார்ப்பவர் உளவியலில் இருப்பார். பிறப்பு விகிதத்தையும் மணமுறிவையும் கணக்கிடுபவர் மக்கள்தொகையியலிலும், முதியோர் பராமரிப்பைப் பார்ப்பவர் சமூகப்பணியிலோ பொதுச் சுகாதாரத்திலோ இருப்பார்கள். வேலை விளம்பரமும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். 'குடும்பவியல் உதவிப் பேராசிரியர்' என்று நேராக வருவது குறைவு. 'சமூகவியல் உதவிப் பேராசிரியர். குடும்பம், பாலினம், முதுமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் ஆய்வு செய்பவருக்கு முன்னுரிமை' என்பது போல வருவதே அதிகம்.

ஆகவே படிப்பில் சேர்வதிலிருந்து பணி நேர்காணல் வரை ஒரு கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள்: இதை எந்தத் துறைக்காரர் படிக்கப் போகிறார்?

1. எந்த வாசல் வழியாக நுழைவது

உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது' என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். எந்த வகுப்பினருக்கு இழப்பு அதிகம், வருமானம் யாருக்குச் சரிகிறது என்று சமூகவியலாளர் கேட்பார். பிரிவதற்கு முன்பே வீட்டில் இருந்த சண்டையை எப்படி அளந்தீர்கள் என்பது உளவியலாளரின் கேள்வி. மக்கள்தொகையியலாளர் எந்த வயதில் பிரிவு நிகழ்ந்தது என்று பார்ப்பார். பிரியும் குடும்பங்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டவையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பொருளியலாளர் மடக்குவார். சமூகப்பணித் துறையில், எந்த உதவி பலன் தருகிறது என்று சொல்லாமல் தப்ப முடியாது. இவற்றில் எந்தப் பதில் உங்களுக்கு நிறைவு தருகிறதோ அந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்யுங்கள். பொருளின் மேல் உள்ள ஆசையை மட்டும் வைத்துத் துறையைத் தேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் முறையியல் பாடங்களில் சிக்கித் தவிப்பது வழக்கம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் நேர்கிறது. குடும்ப சிகிச்சை என்பது தனித் தொழில். அதற்கு உரிமம் வேண்டும், மேற்பார்வையின் கீழ் இத்தனை மணி நேரம் சிகிச்சை அளித்திருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஆய்வு முனைவர் பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தராது. ஆய்வு செய்ய விரும்பி சிகிச்சைப் பயிற்சியுள்ள படிப்பில் சேர்ந்தால், கட்டுரை எழுத வேண்டிய காலம் அந்த மணிக்கணக்கில் போய்விடும். மூன்றாவதாகக் குடும்ப வாழ்க்கைக் கல்வி என்றொரு கிளை இருக்கிறது. 1938இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசியக் குடும்ப உறவுகள் மன்றம் இதற்கு 10 பாடப் பகுதிகள் கொண்ட சான்றிதழ் தருகிறது. பயிற்சி வகுப்புகள், சமூக அமைப்புகள் பக்கம் போகிறவர்களுக்கு அது உதவும். பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டத்தின் இடத்தை அது நிரப்பாது.

2. வேலை எப்படியிருக்கும் என்று முன்பே பாருங்கள்

கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட கல்லூரியில் ஒரு பருவத்துக்கு 3 அல்லது 4 பாடங்கள் வரும். ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் 1 அல்லது 2. பாடம் குறைவு என்றால் அந்த நேரத்துக்குக் கட்டுரையும் நிதியும் கேட்பார்கள். புதிய பாடம் ஒன்றை முதல் முறை நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்புக்குத் தயாராக 4 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஒரே பருவத்தில் மூன்று புதிய பாடங்களை ஏற்பவர் அந்தப் பருவத்தில் ஒரு பத்திகூட எழுத மாட்டார். வேலை உறுதியாகும்போது 'எத்தனை பாடம்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அவற்றில் எத்தனை எனக்குப் புதியவை, அதே பாடத்தை அடுத்த ஆண்டும் நடத்தலாமா' என்றும் கேளுங்கள்.

ஆய்வு நிறுவனங்களில் கற்பித்தல் இல்லை. சம்பளம் திட்ட நிதியைச் சார்ந்தது, ஒப்பந்தம் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டு. சில நாடுகளில் கல்லூரி ஆசிரியராகத் தனித் தகுதித்தேர்வும் உண்டு. வேலை தேட நினைக்கும் நாட்டின் விதியை முதுகலையிலேயே பார்த்துவிடுங்கள்.

3. நெறியாளரைத் தேர்வது

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் யார் என்பதுதான் உங்கள் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடந்த ஐந்தாண்டில் அவர் எழுதிய கட்டுரைகளில் மாணவர் முதல் ஆசிரியராக இருப்பவை எத்தனை? அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவரிடம் தரவு இருக்கிறதா, இருந்தால் அதை மாணவர்கள் பயன்படுத்தலாமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. குடும்பவியலில் புதிதாகத் தரவு சேகரிக்க ஓராண்டு, ஒன்றரையாண்டு ஆகிவிடும். கையில் தரவு இருக்கும் ஆய்வுக்குழுவில் சேர்ந்தவர் அந்தக் காலத்தில் முதல் கட்டுரையை அனுப்பியிருப்பார்.

முதல் மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். உங்கள் கேள்வி, அதற்கு ஏன் அவர், உங்களுக்கு இப்போது தெரிந்த முறையியல், மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறாரா என்ற கேள்வி, இணைப்பில் சி.வி. அவ்வளவு போதும். 'தங்கள் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு' என்ற வரியை நீக்கிவிட்டு, அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு முடிவைக் குறிப்பிட்டு அதில் உங்களுக்கு எழும் கேள்வியை எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். சேர்வதற்கு முன் அவருடைய மாணவர் ஒருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். வரைவைத் திருப்பித் தர எத்தனை வாரம் எடுத்துக்கொள்வார் என்பது மாணவருக்குத்தான் தெரியும்.

4. முறையியல்: இந்தத் துறையின் உண்மையான கடினம்

ஒரு வீட்டில் இருவரிடம் கேள்வி கேட்டால் கிடைக்கும் இரண்டு பதில்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. வழக்கமான புள்ளியியல் பாடம் ஒவ்வொரு பதிலும் தனித்தது என்று வைத்துக்கொண்டே தொடங்கும். 200 தம்பதிகளை 400 தனிநபர்களாகக் கணக்கிட்டால், தம்பதிக்குத் தம்பதி மாறுபடும் காரணிகளுக்கு (மணமாகி எத்தனை ஆண்டு என்பது போல) பிழையளவு குறைவாகக் காட்டும், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தோன்றும். தம்பதிக்குள்ளேயே மாறுபடும் காரணிகளுக்கு (கணவரா மனைவியா என்பது போல) இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். இதைச் சரிசெய்ய, ஒரே வீட்டார் பதில்களை ஒரு குழுவாகக் கணக்கில் கொள்ளும் பன்மட்ட மாதிரிகளும் (மாடல்கள்), ஒருவரின் குணம் அவரையும் துணைவரையும் எப்படிப் பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் இணைத்தரவு மாதிரிகளும் உண்டு. ஆர், ஸ்டேட்டா, எம்ப்ளஸ் ஆகிய மூன்று புள்ளியியல் மென்பொருள்களிலும் செய்யலாம். செலவில்லாதது ஆர். ஆளுக்கு ஒரு வரிசை, தம்பதிக்கு ஒரு வரிசை என இரண்டு வடிவங்களுக்கும் தரவை மாற்றப் பழகுவதே முதல் பயிற்சி. பாதித் தவறுகள் அந்த மாற்றத்தில்தான் நிகழ்கின்றன.

முதல் கட்டுரைக்கு ஏற்கெனவே இருக்கும் பெரிய ஆய்வுகளின் தரவைப் பயன்படுத்துங்கள். அமெரிக்காவில் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தொடரும் வருமான இயக்கவியல் ஆய்வு, ஜெர்மனியில் 1984இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரத் தொடராய்வு, பிரிட்டனில் 2009 முதல் நடக்கும் 'அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி', நான்கு நாடுகளில் ஏறத்தாழ 12,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த 'யங் லைவ்ஸ்' போன்றவற்றைப் பதிவு செய்துகொண்டோ ஒப்பந்தம் செய்துகொண்டோ பெறலாம். ஊர் அளவிலான இருப்பிடத் தகவல் போன்ற நுண்தரவுகளுக்குத் தனி விண்ணப்பம் தேவைப்படும். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

இந்தத் தரவுகளில் ஒரு பொறி உண்டு. ஆய்வுகள் கணக்கெடுப்பது 'வீட்டை', நீங்கள் ஆராய்வது 'குடும்பத்தை'. வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையோ, பிரிந்து வேறிடத்தில் வாழும் தாயோ வீட்டுப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பட்டியலில் ஒவ்வொருவரையும் 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்றுதான் குறித்திருப்பார்கள். தாத்தா தலைவராக உள்ள கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மகன்களும் நான்கு பேரப்பிள்ளைகளும் இருந்தால், எந்தப் பிள்ளை யாருடையது என்று அந்தக் குறிப்பிலிருந்து சொல்ல முடியாது. தாய், தந்தையின் வரிசை எண்ணைத் தனியே கேட்ட ஆய்வுகளில் மட்டுமே அது தெரியும். புள்ளியியல் மாதிரி கட்டுவதற்கு முன்னால் வினாத்தாளை எடுத்து இந்த ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, விலகல். நீள்கால ஆய்வில் பிரிந்துபோன தம்பதிகளில் பலர் பதில் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். பத்தாம் ஆண்டில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் சேர்ந்து வாழ்பவர்கள். 'காலம் போகப் போக மணவாழ்க்கை இனிக்கிறது' என்ற முடிவு வந்தால் மகிழ்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

பேட்டி வழியான ஆய்வில் முதல் முடிவு, இருவரையும் சேர்த்துப் பேட்டி காண்பதா, தனித்தனியாகவா என்பது. சேர்த்துக் கண்டால், ஒருவர் தொடங்கும் கதையை மற்றவர் எப்படித் திருத்துகிறார் என்பது தெரியும். ஆனால் பணம், வன்முறை, வீட்டுவேலைப் பங்கீடு போன்றவை மூடப்படும். தனித்தனியாகக் கண்டால் அவை வெளிவரும், கூடவே நீங்கள் இரகசியங்களைச் சுமப்பவராகிவிடுவீர்கள். கணவரிடம் பேசிவிட்டு அடுத்த அறையில் மனைவியிடம் பேசும்போது, முன்பு கேட்ட ஒரு விவரம் உங்கள் கேள்வியில் தானாக நுழைந்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் வேறு வேறு அறைகளில் பேட்டி எடுப்பதே பாதுகாப்பு.

கணக்கையும் முதலிலேயே போடுங்கள். 30 குடும்பங்கள், வீட்டுக்கு இருவர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 60 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் என்றால் 240 முதல் 360 மணி நேரம். மென்பொருள் எழுத்தாக்கித் தரும், ஆனால் இருவர் குறுக்கே குறுக்கே பேசும் இடங்களில் குளறும். குடும்பப் பேட்டியில் முக்கியமானவை அந்த இடங்கள்தான்.

5. அறநெறிக் குழுவின் அனுமதி

மற்ற துறைகளில் பதில் சொன்னவரின் பெயரை மாற்றினால் அடையாளம் பெரும்பாலும் மறைந்துவிடும். இங்கே மறையாது. கட்டுரையைப் படிக்கும் மனைவிக்கு, 'கமலா' என்று பெயரிட்டிருந்தாலும் அது தான்தான் என்று தெரியும், எனவே அருகில் வரும் மேற்கோள் கணவருடையது என்பதும் தெரியும். இதற்குச் சில வழிகள் உண்டு. உணர்ச்சி கூடிய மேற்கோள்களை ஜோடியாக வெளியிடாமல் தனித்தனிக் கருப்பொருளின் கீழ் வைக்கலாம். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை போன்றவற்றில் முடிவைப் பாதிக்காதவற்றை மாற்றலாம். ஒப்புதல் படிவத்திலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அறநெறிக் குழுவுக்கு (மனிதர்களிடம் ஆய்வு செய்யுமுன் அனுமதி தரும் குழு) அனுப்பும் விண்ணப்பத்தில் இவை இல்லாவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும்: தம்பதியில் ஒருவர் விலகினால் மற்றவரின் தரவு என்ன ஆகும், பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சொந்த இசைவை எப்படிக் கேட்பீர்கள், குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால் யாரிடம் தெரிவிப்பீர்கள். கடைசியானது சட்டக் கடமையாக உள்ள இடங்களில் 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று படிவத்தில் எழுதுவது பொய்யான வாக்குறுதி. வீட்டு வன்முறை குறித்துக் கேட்கும் ஆய்வுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும், ஆய்வை வன்முறை ஆய்வு என்று அறிமுகப்படுத்தக் கூடாது என்கிறது அது. தவறு நடந்தால் அடி வாங்குவது ஆய்வாளர் இல்லை என்பதால் இந்த விதிகளில் சலுகை கேட்காதீர்கள்.

அனுமதிக்கு 2 மாதம் ஆகும் என்று நினைத்தாலும் 4 மாதம் ஒதுக்குங்கள்.

6. கட்டுரை வெளியிடுவது

முனைவர் ஆய்வேட்டை மூன்று தனிக் கட்டுரைகளாகத் திட்டமிட்டுத் தொடங்குவது நல்லது. எங்கே அனுப்புவது என்பதில் முதல் கேள்வியே (எந்தத் துறைக்காரர் படிக்கப் போகிறார்) திரும்ப வருகிறது. 1939இல் தொடங்கிய இதழின் தொடர்ச்சியான 'ஜர்னல் ஆஃப் மேரேஜ் அண்ட் ஃபேமிலி' அதிகம் பேரிடம் எடுத்த பெரிய மாதிரிகளையும் கோட்பாட்டையும் எதிர்பார்க்கும். 'ஃபேமிலி ரிலேஷன்ஸ்' நடைமுறைப் பயன் என்ன என்று கேட்கும். 'ஜர்னல் ஆஃப் ஃபேமிலி சைக்காலஜி' அளவீட்டில் கறாராக இருக்கும். 'ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் ஃபேமிலி ஸ்டடீஸ்' நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டுக்கு இடம் தரும். சமூகவியல் துறையில் வேலை தேடப் போகிறவர் மூன்றில் ஒன்றையாவது பொதுச் சமூகவியல் இதழுக்கு அனுப்ப வேண்டும். தேர்வுக் குழுவில் குடும்ப இதழ்களின் தரம் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருப்பார்கள்.

மதிப்பாய்வாளரிடம் போகாமலே திரும்பி வரும் கட்டுரைகளில் அடிக்கடி காண்பவை: மாணவர்களிடம் மட்டும் எடுத்த மாதிரியை வைத்து 'குடும்பங்கள்' என்று பேசுவது, ஒரே நேரத்தில் எடுத்த தரவில் 'விளைவு' என்று எழுதுவது, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உறவு என்று சொல்வது. அதிகம் ஆராயப்படாத நாட்டின் தரவை வைத்து எழுதினால் 'இந்த நாடு ஏன்' என்ற கேள்வி கட்டாயம் வரும். பணக்கார நாடுகளின் தரவை வைத்து எழுதுபவரிடம் இதே கேள்வி எழுவது அரிது, அது நியாயமில்லைதான். ஆனாலும் முன்னுரையிலேயே பதில் வைத்துவிடுங்கள்: வேறிடத்தில் சேர்ந்தே நிகழும் இரண்டு காரணிகள் இங்கே பிரிந்து நிகழ்கின்றன, அதனால் எந்தக் கோட்பாட்டைச் சோதிக்க முடிகிறது என்று. 'இங்கே இதுவரை யாரும் ஆராயவில்லை' என்பது மட்டும் காரணமாகாது.

ஆசிரியர் வரிசையைப் பகுப்பாய்வு தொடங்குமுன் மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இதழ்கள் பக்கம் போக வேண்டாம். அதில் வந்த பேப்பர் சி.வி.யில் இருப்பதைவிட இல்லாதது நல்லது.

7. வகுப்பறையில்

வேதியியல் ஆசிரியருக்கு இல்லாத ஒரு நிலைமை இங்கே உண்டு: பாடப்பொருள் மாணவரின் வீட்டிலேயே இருக்கிறது. மணமுறிவு பற்றிய வகுப்பில் சென்ற மாதம் பெற்றோர் பிரிந்த மாணவர் உட்கார்ந்திருப்பார். ஆகவே முதல் வகுப்பிலேயே விதி வையுங்கள்: சொந்தக் கதை சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை, சொன்னால் அது வகுப்போடு நிற்க வேண்டும், ஆசிரியருக்குச் சட்டப்படி தெரிவிக்கும் கடமை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடச் சொல்வது இத்துறையில் வழக்கமான பயிற்சி. தத்தெடுக்கப்பட்டவருக்கும் அகதியாக வந்தவருக்கும் அது வதையாகலாம். கதைமாந்தர் குடும்பம் ஒன்றை வரையும் மாற்று வாய்ப்பைக் காரணம் கேட்காமல் எல்லோருக்கும் கொடுங்கள். மதிப்பெண் வரைபடத்தின் நுட்பத்துக்கு, வெளிப்படுத்திய துயரத்துக்கு இல்லை.

எல்லோரும் குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் கருத்து இருக்கும். 'எங்கள் வீட்டில் அப்படி இல்லையே' என்பதை அடக்காதீர்கள். பரவலில் அந்த வீடு எங்கே நிற்கிறது என்று பலகையில் போட்டுக் காட்டுங்கள். சராசரிக்கும் தனி நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க அதைவிட நல்ல தருணம் வராது. இதே வரியைப் பணி நேர்காணலில் பேராசிரியர்களும் சொல்வார்கள், அப்போதும் இந்தப் பதில் உதவும்.

8. விண்ணப்பமும் நேர்காணலும்

முகப்புக் கடிதம் 2 பக்கத்துக்குள், ஆய்வுக் குறிப்பு 2 முதல் 3 பக்கம், கற்பித்தல் குறிப்பு 1 முதல் 2 பக்கம், சி.வி., மூன்று பரிந்துரையாளர்கள். இது பொதுவான தொகுப்பு. பரிந்துரையாளரிடம் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், விளம்பரத்தையும் உங்கள் வரைவையும் சேர்த்து அனுப்புங்கள். முகப்புக் கடிதத்தை இரண்டு வடிவத்தில் தயாராக வைத்திருங்கள். உளவியல் துறைக்குப் போவது அளவீட்டிலும் வடிவமைப்பிலும் தொடங்கட்டும், சமூகவியல் துறைக்குப் போவது சமத்துவமின்மையில் தொடங்கட்டும். ஆய்வு அதேதான். அந்தத் துறையின் பாடப்பட்டியலைப் பார்த்து, நீங்கள் நடத்தக்கூடிய பாடங்களில் முறையியல் பாடம் ஒன்றையும் எழுதுங்கள். முறையியல் நடத்த ஆள் கிடைக்காமல் திண்டாடும் துறைகள் பல.

ஆய்வுரைக்கு 45 நிமிடம் கொடுத்தால் 40இல் முடியுங்கள். அட்டவணை மூன்றுக்கு மேல் வேண்டாம். 'உங்கள் வீட்டில் எத்தனை பேர், திருமணம் ஆகிவிட்டதா' என்ற கேள்வி, குடும்பத்தை ஆராய்பவரிடம் சிரித்துக்கொண்டே கேட்கப்படும். பல நாடுகளில் அப்படிக் கேட்பது விதிக்குப் புறம்பு. 'என் ஆர்வம் இந்தத் தரவிலிருந்துதான் வந்தது' என்று சொல்லி ஆய்வுக்குத் திரும்பிவிடலாம்.

9. சேர்ந்த பிறகு

முதலாண்டில் ஆய்வேட்டின் மீதிக் கட்டுரைகளை முடியுங்கள். புதிய களப்பணியை இரண்டாமாண்டில் தொடங்கினால் போதும். நகல் எடுக்கக்கூடிய நல்ல பாடத்திட்டம் துறையில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்த ஆய்வாளராகச் சேர்பவர்கள் கையெழுத்திடுமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் தரவைப் பயன்படுத்தும் உரிமை, நீங்கள் பங்களித்த கட்டுரைகளில் பெயர். தம்பதித் தரவு போன்றவை நிறுவனத்தின் பாதுகாக்கப்பட்ட கணினியிலேயே இருக்கும். கடைசி நாளில் கடவுச்சொல் மூடப்பட்டுவிட்டால், மதிப்பாய்வாளர் கேட்கும் ஒரே ஒரு கூடுதல் அட்டவணையைக்கூட உங்களால் போட முடியாது.